குளிரில் பட்ட காயம்

மாட்டிவிட்டான். அவ்வளவுதான். சட்டைப் பையின் விளிம்பைக் கொஞ்சம் இழுத்து, கிளிப்பை அமுக்கி, "இது இருக்கட்டும் சார், போறப்ப திருப்பிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் காவலாளித் தம்பி தன் நாற்காலிக்குப் போய்விட்டான். நான் கேட்கவில்லை. மனுக் கொடுக்கவில்லை. வாயிலில் நின்று தொண்டை கட்டக் கத்தவில்லை, லாக்கப்பில் படுக்கவில்லை. சும்மா வந்து உட்கார்ந்த கிழவனுக்கு நெஞ்சில் ஒரு கதிர்வீச்சு பேட்ஜ். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே ஒரு வில்லை இருக்கும். என் மேல் படுகிற கதிரை அதுவும் வாங்கித் தனக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு மிஷினில் போட்டால் இவ்வளவு என்று சொல்லும். இந்த ஒரு சாமானுக்காகத்தான் தோழர்களே, என்று இப்போதும் மனதுக்குள் மைக்கைப் பிடிக்கிறேன், பழக்கம் போகவில்லை, இந்த ஒரு சாமானுக்காகத்தான் எங்கள் கடற்கரையில் கறுப்பு மணலைச் சலித்துக் காயவைத்து, அதிலிருந்து கதிர் வீசும் மணலைப் பிரித்து மூட்டை கட்டிய ஒப்பந்தக் கூலிகள் அத்தனை பேரும் வெயிலில் உட்கார்ந்தோம். நிரந்தரத் தொழிலாளிக்கு பேட்ஜ் உண்டு, எங்களுக்குக் கிடையாது. ஒரே மணல், ஒரே தூசி, ஒரே மூச்சு. 'எங்கள் நெஞ்சு நெஞ்சில்லையா?' நான் எழுதிய துண்டறிக்கைகளிலேயே நல்ல தலைப்பு அதுதான். பேட்ஜ் வந்தது. வந்தபோது நான் வேலைநீக்கம் செய்யப்பட்டு வாயிலுக்கு வெளியே நின்றேன். ஆகவே எல்லார் நெஞ்சுக்கும் வந்தது என் நெஞ்சுக்கு வரவில்லை. இன்றைக்கு, எழுபத்திரண்டு வயதில், பெங்களூரில், ஒரு வானியல் கூடத்தின் பார்வையாளர் அறையில் வந்து சேர்ந்தது. ஏசுவடியான், மணல் ஆலை ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் செயலாளர், முன்னாள் தொழிலாளி, முன்னாள் எல்லாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். கண்ணாடிக் கதவில் தெரிகிற உருவம் நிமிர்ந்துதான் இருக்கிறது. கொஞ்சம் இளைத்திருக்கிறது, அது வேறு.

இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் பேசப்போகிறாள். பேசுவாளா என்பதுதான் கேள்வி, ஆனால் அதை இப்போது நினைக்க வேண்டாம். ஏ.சி. எலும்புக்குள் இறங்குகிறது. வலது முட்டியில் பழைய லத்தி அடி, மார்கழி விடியற்காலையில் பட்டது, குளிர் வந்தால் இன்றைக்கும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. வாலண்டினா. அந்தப் பெயரை நான் வைத்தபோது போதகர் வீட்டுக்கே வந்து கேட்டார், வேதத்தில் இல்லாத பேராக இருக்கிறதே என்று. வானத்துக்குப் போன முதல் பெண்ணின், ஒரு தொழிலாளி வீட்டுப் பெண்ணின் பெயர், காகிதம் உதிர்கிற மலிவு வெளியீடு ஒன்றில் படித்தது. அணுவைப் பற்றி, கதிரைப் பற்றி, உபரி மதிப்பைப் பற்றி எல்லாவற்றையும் அப்படிப்பட்ட வெளியீடுகளில்தான் படித்தேன், எட்டாம் வகுப்புக்கு மேல் எனக்கு வேறு பள்ளி கிடையாது. இங்கே அவளை டினா என்கிறார்களாம். பாதியை வெட்டிவிட்டார்கள். இருக்கட்டும். பாதிப் பெயரோடும் அவள் ஒரு கண் செய்திருக்கிறாள். வானத்தில் சுற்றப்போகிற தொலைநோக்கியின் கண். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை, ஊதாவுக்கும் அப்பால் இருக்கிற ஒளியை அது பார்க்குமாம். அந்த ஒளியைக் காற்று மண்டலம் மறித்துவிடுவதால் கீழே இருந்து பார்க்க முடியாது, மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். மேலே போனால் கதிர் இருக்கிறது. காலையில் கடையிலிருந்து இட்லி வாங்கி வந்து வைத்துக்கொண்டு அவளே சாவகாசமாகச் சொன்னாள். "அந்தக் கண்ணுங்கறது ஒரு சிலிக்கான் தகடுப்பா, நகத்தளவு. மேல புரோட்டான் மழையா பேஞ்சிட்டே இருக்கும். ஒவ்வொண்ணும் வந்து மோதுறப்ப தகட்டுல ஒரு அணு இடம் விட்டு நகந்துரும். நகந்த இடம் அதுக்கு அப்புறம் சும்மாவே மின்னும். படத்துல ஒரு வெள்ளைப் புள்ளி." நட்சத்திரம் மாதிரியா என்றேன். "ஆமா. இல்லாத நட்சத்திரம்." இல்லாத நட்சத்திரம். எத்தனை மேடையில் எத்தனை இல்லாத நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால் அனுப்புவதற்கு முன்னால் இங்கேயே அடித்துப் பார்க்கிறார்கள். எந்திரத்தில் வைத்துப் புரோட்டானால் அடிப்பது, பிறகு எத்தனை புள்ளி என்று பார்ப்பது. அடிபட்ட தகட்டை உடனே கையில் எடுக்க முடியாதாம், அதுவே கொஞ்ச நாள் கதிர் வீசும். ஆகவே ஓர் அறையில் பூட்டி வைத்துவிட்டு, அடங்கியபின் எடுத்துச் சோதிப்பார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தானாம், வழக்கம். அவர்கள் அடித்தது தீபாவளிக்கு முன்னால். விடுமுறை முழுக்கத் தகடு கதகதப்பான அறையில் கிடந்தது. பிறகு எடுத்துச் சோதித்தால் புள்ளிகள் கொஞ்சம்தான். அருமையான கண் என்று இவளே அறிக்கை எழுதினாள், இவளுக்கு மெடல்கூடக் கொடுத்தார்கள். அந்த அறிக்கையை நம்பி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்திருந்த சூடாக்கும் கம்பி எதற்கு, எடைதானே என்று எடுத்துவிட்டார்கள். இப்போதுதான் ராக்கெட்டில் இடம் கிடைத்திருக்கிறது. இப்போதுதான் இவளுக்கு உறைத்திருக்கிறது. "சூட்டுல இருந்தா பாதிக் காயம் தானா ஆறிரும்ப்பா. நகந்த அணு திரும்பப் போய் உக்காந்துக்கும். நாங்க ஆற விட்டுட்டுப் பாத்திருக்கோம். மேல அது எப்பவும் உறைகுளிர்ல இருக்கும். குளிர்ல படுற அடி குளிர்லயே நிக்கும். ஆறாது." மிச்சமிருந்த ஒரு தகட்டை உறைகுளிரில் வைத்து அடித்து, சூடுபடாமல் அப்படியே பார்த்தாளாம். படம் முழுக்கப் புள்ளி. "நட்சத்திரம் எது, காயம் எதுன்னு பிரிக்க முடியல." சொல்லிவிட்டு சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் முட்டி வலித்தது.

இன்றைக்குக் குழு கூடியிருக்கிறது. கண் தயார் என்று இவள் எழுந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் ராக்கெட்டில் ஏறும், இவளே கருவிக்குத் தலைவியாக நீடிப்பாள். தயார் இல்லை, கம்பியைத் திரும்ப வைக்க வேண்டும் என்று சொன்னால் ராக்கெட்டில் இவர்கள் இடம் வேறொருவருக்குப் போய்விடும், அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, மெடல் வாங்கிய அறிக்கையைத் தன் வாயாலேயே தப்பு என்று சொன்னவளிடம் எவன் தலைமையை விட்டுவைப்பான்? இவ்வளவும் எனக்கு வருவதற்கு முன்பே தெரியும். ரெத்தினபாய்க்கும் தெரியும், மகள் போனில் தாயிடம்தான் முதலில் சொன்னாள். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். நாகர்கோவில் ரயில் நிலையத்தில் கருவாட்டுப் பொட்டலத்தை என் கையில் திணித்துக்கொண்டே என் மனைவி சொன்னாள். "ஒரு வீட்டுக்கு ஒரு ஆளு போரும். அவகிட்ட சொல்லுங்க, எல்லாரும் சொல்லுத மாதிரி சொல்லிட்டு இருக்கச் சொல்லுங்க. உங்களால நான் பட்டதெல்லாம் போரும்." சரி என்றேன். ரயில் நகரும்போது யார் கேட்டாலும் சரி என்றுதான் வரும். கருவாட்டைக் கொடுத்துவிட்டேன். இந்த வாக்கியம் இன்னும் என்னிடமே இருக்கிறது. காலையில் இட்லியோடு விழுங்கினேன், ஆட்டோவில் மறுபடி மேலே வந்தது, இப்போது பல்லுக்குப் பின்னால் நிற்கிறது. வாய் இருக்கிற எவனும் செய்யாத காரியத்தை, வாயை மூடு என்று ஒருவரிடம் சொல்கிற காரியத்தை, நான், ஏசுவடியான், பெற்ற மகளிடம் செய்ய வேண்டும்.

அதுவும் அந்தச் சொல் யாரிடமிருந்து வருகிறது. அதை யோசித்தால் சிரிப்பு வருகிறது. மணல் ஆலையில் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை. டாக்டர் ஒரு குழாயைக் கொடுப்பார், ஊத வேண்டும், மூச்சு எவ்வளவு இருக்கிறது என்று முள் காட்டும். முள் எப்போதும் நன்றாகவே காட்டும். ஏனென்றால் சோதனை எப்போதும் வருடாந்திர மூடுதலுக்குப் பிறகுதான். ஆலையை மூடி எந்திரங்களைக் கழுவுகிற அந்த மாதத்தில் நாங்கள் கடல் காற்று வாங்கி, இருமல் அடங்கி, புது ஆட்களாகத் திரும்பி வருவோம், வந்தவுடன் ஊது என்பார்கள். அதில் சதி என்றுகூட இல்லை, அவர்களுக்கு அது வசதி, வழக்கம். ஆலை திறப்பதற்கு முந்தின நாள் டாக்டருக்கு வேறு வேலை இல்லை. அந்த வழக்கத்தை எதிர்த்து நான் ஆறு பக்கம் எழுதினேன். ரெத்தினபாய் எழுதவில்லை. மூடுவதற்கு முந்தின நாள், மணல் சலிக்கும் கொட்டகையிலிருந்து தலையெல்லாம் தூசியோடு நேராகப் போய், இடுப்பில் வாலண்டினாவை வைத்துக்கொண்டு மருந்தகப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இப்பம் ஊதுதேன், குழாயைக் கொண்டாரும்." டாக்டர், "லீவு கழிஞ்சு வா பிள்ளே, எல்லாருக்கும் அப்பம்தான்." அவள், "லீவு கழிஞ்சா எனக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கும். அதுக்கு எதுக்கு உம்ம குழாய்? வீட்டுல அடுப்பு ஊதிக்கிடுவேன்." படியில் கூட்டம் கூடி, டாக்டர் வேறு வழியில்லாமல் குழாயைக் கொடுத்து, முள் பாதிகூட ஏறாமல் நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் என் ஆறு பக்கத்தை எல்லாரும் படித்தார்கள், வேலைநிறுத்தம், லத்தி, முட்டி எல்லாம் பிறகுதான். சங்க வரலாற்றை எழுதியபோது அந்த இடத்தில் 'பெண் தொழிலாளர்கள் கூடி முடிவெடுத்தனர்' என்று எழுதினேன். "எந்தப் பெண் தொழிலாளர்கள்? நான் ஒருத்திதானே இருந்தேன்?" என்று கேட்டாள். வரலாற்றை அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். இதில் என்ன தப்பு? அந்த வரலாற்றையும் பிறகு வந்தவர்கள் திருத்திவிட்டார்கள், சங்கக் கட்டடத்துக் கல்வெட்டில் என் பெயர் இல்லை, எங்களோடு வெயிலில் உட்கார்ந்த ஒருவன் ஒப்பந்தக்காரனாகி அந்தக் கல்லுக்கே காசு கொடுத்தான். கொடுக்கட்டும். முள் பாதியில் நின்றதை எந்தக் கல்வெட்டாலும் அழிக்க முடியாது. இன்னும் இருமுகிறாள் அவள். இருமிக்கொண்டே சொல்கிறாள், மகளை வாயை மூடச் சொல்லுங்கள் என்று.

கூட்ட அறைக் கதவு திறந்தது. அவள் இல்லை. வழுக்கை, கண்ணாடி, கையில் போன். பேசிக்கொண்டே இரண்டு தடவை என்னைக் கடந்து நடந்தார், போனை அணைத்துவிட்டு என் முன்னால் நின்றார். டினாவின் அப்பாவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வாலண்டினாவின் அப்பா என்றேன். குல்கர்னி, இந்தத் தொலைநோக்கித் திட்டத்துக்கே தலைவர், அவள் பேச்சில் அடிக்கடி வருகிற பெயர். கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது, கண்ணில் பல நாள் தூக்கம் பாக்கி. உங்கள் மகள் எங்களிடம் இருப்பவர்களிலேயே சிறந்தவள், என்றார். ஆனால் ஒரே ஒரு தகட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறாள், பத்து வருடம் இதற்காகக் காத்திருக்கிறோம், எனக்கு அடுத்த வருடம் ஓய்வு, டீக்கு வெளியே வருவாள், நீங்கள் பெரியவர், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். கெட்டவர் இல்லை. பார்த்தாலே தெரிகிறது. தன் கண் வானத்துக்குப் போவதைப் பதவியில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை, மனித ஆசை. அவர் உள்ளே போனபிறகுதான் எனக்கு உறைத்தது. என் வாழ்நாளில் ஒரு நிர்வாகம் என்னிடம் உதவி கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்ட உதவி என் மனைவி கேட்ட அதே உதவி. இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை என் வாயில் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட கோரிக்கை, தோழர்களே, உடனே கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

போட்டால் என்ன? யோசித்துப் பார், ஏசுவடியான். அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் கட்டவில்லை, வீடு வாங்கவில்லை, இந்த நகத்தளவு தகடுதான் அவள் வீடு. அது மேலே போகட்டுமே. கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும், வானத்தில் எத்தனையோ புள்ளி. ஒருவேளை நான் அவளைப் பேசச் சொல்ல ஆசைப்படுவது அவளுக்காகவா? இல்லை, எனக்காகவா? அவளும் வெளியே தள்ளப்பட்டால் நான் தள்ளப்பட்டதற்கு ஒரு வாரிசு கிடைக்கும் என்றா? இப்படி ஒரு நினைப்பா. சீ. ஆனால் வந்துவிட்டது, வந்ததை இல்லை என்று சொல்ல முடியாது. என் மகள் தலைவி என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறவனும் நான்தான், அவள் தோற்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறவனும் நான்தான். ஆகவே இரண்டு பேரும் வாயை மூடுங்கள். இது உங்கள் பொதுக்குழு இல்லை. அவளுடைய கண், அவள் பார்த்தது, அவளுடைய வாய். பல்லுக்குப் பின்னால் இருந்த வாக்கியத்தை இரண்டாவது தடவையாக விழுங்கினேன். தொண்டையில் நிற்கிறது. நிற்கட்டும். அதைவிடப் பெரியவை நின்றிருக்கின்றன.

காவலாளித் தம்பி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மாதேஷ், ஊர் தர்மபுரிப் பக்கம், கேட்காமலே சொல்கிறான். "மேடம் அப்பாவா சார்? மேடம் ரொம்ப நல்லவங்க சார், தினம் குட் மார்னிங் சொல்லுவாங்க." உமக்கு என்ன வேலை தம்பி என்றேன். "வர்றவங்களுக்கு பேட்ஜ் மாட்டி விடறது, போறவங்ககிட்ட வாங்கி வெக்கறது. என் சேருக்குப் பின்னால இருக்கற செவுத்துக்கு அந்தப் பக்கம் கதிர் அடிக்கற கோபால்ட் இருக்குது சார். பயப்படாதீங்க, செவுரு தடி." சிரிக்கிறான். நானும் சிரித்தேன். பிறகு என் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் சட்டைப் பையைப் பார்த்தேன். பெயர்ப் பட்டை. பேனா. விசில். அவ்வளவுதான். "உம்ம பேட்ஜ் எங்க தம்பி?" "எனக்கெதுக்கு சார்? நான் காண்ட்ராக்ட். வெளியில நிக்கற கணக்கு." வெளியில் நிற்கிற கணக்கு. அவன் நாற்காலிக்கும் என் பெஞ்சுக்கும் நடுவே ஒரு தண்ணீர் கேன். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவன், என் நெஞ்சில் இருக்கிறது. வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறவன் நெஞ்சில் விசில் இருக்கிறது. சுவர் தடிதான், ஒன்றும் வராதுதான், அப்படியானால் எனக்கு எதற்கு மாட்டினாய்? எனக்குள் எங்கேயோ ஒரு பழைய எந்திரம் உறுமிவிட்டுக் கிளம்பியது. முதலாவதாக. இரண்டாவதாக. இறுதியாக.

துண்டறிக்கைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருக்கும்போது மகள் வந்துவிட்டாள், கையில் இரண்டு காகிதக் கோப்பை. ஒன்றை என்னிடம் நீட்டினாள். பால் கலந்தது, ஏலக்காய் மணம். நான் பாலில்லாத கட்டன் சாயா குடிப்பவன் என்பதை மறக்கிற அளவுக்குத்தான் அவளும் பதறியிருக்கிறாள். "எப்பா, குளுருதா?" இல்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் தோளைத் தொட்டது. "அம்மா என்ன குடுத்து விட்டா?" "கருவாடு." "அது பையில குடுத்தது. வாயில என்ன குடுத்து விட்டா?" என் மகள். எவ்வளவு அழகாகப் பிடிக்கிறாள். என் வாய் திறந்தது, அதை நான் உணர்ந்தேன், அதற்குள் டீயை ஊற்றினேன். சுட்டது. "உனக்கு நேரமாவுது, போ மக்ளே" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சின்ன வயதில் நான் லாக்கப்பிலிருந்து வந்த நாட்களில் பார்ப்பாளே, எங்கெங்கே அடி என்று தேடுகிற பார்வை, அது. "சரிப்பா" என்றாள். கதவு மூடியது. இந்தப் பக்கமும் தடிச் சுவர். ஒரு சத்தமும் வராது. ஆலை மேலாளர் அறைக் கதவுக்கு வெளியே இப்படித்தான் நிற்பேன், பேச்சுவார்த்தைக்கு என்னை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைக் கூப்பிடுகிற நாட்களில், உள்ளே எவன் விலை போகிறான் என்று காதைக் கதவில் வைத்துக்கொண்டு. இன்றைக்குக் காதை வைக்கத் தோன்றவில்லை. பயம் இருக்கிறது. சந்தேகம் இல்லை. இதுதான் வித்தியாசம் போலிருக்கிறது. நெஞ்சில் பேட்ஜ் லேசாக ஏறி இறங்குகிறது. வாலண்டினா, நீ எதைச் சொன்னாலும் இந்தப் பெஞ்சில்தான் இருப்பேன். அதை மட்டும் சொல்லியிருக்கலாம். அது எந்தத் துண்டறிக்கையிலும் வராத வாக்கியம், அதனால் எனக்கு வரவில்லை.

முதலில் குல்கர்னி வந்தார். என்னைப் பார்க்காமல் நேரே மாடிப்படி ஏறினார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. அதிலேயே தெரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அவர் முதுகைப் பார்த்ததில் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கசந்தது. மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் அவள். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். "சொல்லிட்டேன்பா." பிறகு, "கம்பிய வெக்கப்போறாங்க. ராக்கெட் போச்சு. இனி வேற ஆளு தலைவர். குளிர்ல அடிச்சுப் பாக்குற வேலைய மட்டும் நான்தான் செய்வேன்னு கேட்டேன், குடுத்தாங்க." தலைமையை எவன் எடுத்தது, எந்த விதியின்படி, எழுத்தில் கொடுத்தார்களா என்று அடுக்கினேன். "எப்பா, நியாயந்தான. என் அறிக்கைதான தப்பு." அவ்வளவு பேர் முன்னால் எப்படித் தைரியமாகச் சொன்னாய் என்றேன், பெருமை தாங்காமல், சத்தமாக, மாதேஷுக்கும் கேட்கட்டும் என்று. "தைரியம் என்னப்பா இதுல. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டேன். ஆற வெச்சுப் பாத்தது இது, ஆற வெக்காமப் பாத்தது இதுன்னேன். உக்காந்துட்டேன்." நான் ஆறு பக்கம் எழுதியிருப்பேன். படியில் உட்கார்ந்து குழாயைக் கொடு என்று கேட்கிற ரகம் இது. இத்தனை வருடம் ஊர் முழுக்க என்னை மாதிரி, என்னை மாதிரி என்று சொல்லித் திரிந்தேன்.

போன் அடித்தது. ரெத்தினபாய். காதில் வைக்கும் முன்பே இருமல். "சொன்னியளா?" இல்லை என்றேன். அந்தப் பக்கம் மூச்சு இழுக்கிற சத்தம். "அவ சொல்லிட்டாளா?" சொல்லிவிட்டாள், தலைவி இல்லை இனி, என்றேன். வசவு வரும் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். "நீங்க சொல்லமாட்டியன்னு தெரியும்" என்றாள். "பெத்தவ, நான் சொல்லணும், சொல்லி விட்டேன். அத நீங்க கொண்டுபோய்க் குடுத்திருந்தியன்னா வீட்டுப் படி ஏத்தியிருக்க மாட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு அழுதா?" அழவில்லை என்றேன். "அழுவா. ராத்திரிக்கு அந்தக் கருவாட்டப் பொரிச்சுக் குடுங்க, உங்களுக்குப் பொரிக்கத் தெரியுமா, எண்ணெ காயட்டும் முதல்ல." வைத்துவிட்டாள். முட்டி வலிக்கிறதா என்று பார்த்தேன். வலிக்கிறது. எழுந்தேன், நிமிர்ந்துதான் எழுந்தேன்.

மாதேஷ் தட்டை நீட்டினான். என் பேட்ஜைக் கழற்றிப் போட்டேன், மனசில்லாமல், அந்த இடம் லேசாகிப் போனது. வாலண்டினாவும் தன்னுடையதைக் கழற்றிப் போட்டாள், தினமும் போடுகிற பழக்கத்தில், முகம் பார்க்காமல். போட்ட கை அப்படியே நின்றது. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை, தலைப்புகூடத் தயாராக இருந்தும். அவளாகத்தான் தலையை நிமிர்த்தினாள். மாதேஷின் சட்டைப் பையைப் பார்த்தாள். பெயர்ப் பட்டை, பேனா, விசில். சுவரைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். "மாதேஷ், எத்தன வருஷமா இங்க இருக்கீங்க?" "நீங்க வர்றதுக்கு முன்னயிருந்தே மேடம்." "நான் தினமும் இந்த வழியாத்தான் போறேன்" என்று அவள் சொன்னது அவனிடம் இல்லை, என்னிடமும் இல்லை. தட்டிலிருந்து தன் பேட்ஜை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். "எப்பா, கொஞ்சம் இருங்க. குல்கர்னி சார் மாடியிலதான் இருப்பாரு." இன்றைக்கு அந்த மனிதர் உன்னைப் பார்க்க விரும்புவாரா மக்ளே என்று கேட்க நினைத்தேன். அதற்குள் படி ஏறிக்கொண்டிருந்தாள், கைப்பிடியைத் தொடாமல். நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மாதேஷ் என்னையும் மாடிப்படியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டிலிருந்து என் பேட்ஜை எடுத்துக்கொண்டு வந்தான். "சார், மறுபடி உக்காரணும்னா இத மாட்டிக்கணும் சார், ரூல்ஸ்." கிளிப்பைத் திறந்து குனிந்தவனின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மொதல்ல நீரு மாட்டும்."